ஓரத்து நிரை

என் அக்காவுக்கு,

இன்று காலை சிவனொளிபாத மலை தெரியவில்லை. பாறை மேல் ஏறிப் பார்த்தேன். நடுவில் வெள்ளையாக ஏதோ நின்றது. பனியா, வண்டிப் புகையா, பிரித்துச் சொல்ல முடியவில்லை. கொரோனா ஊரடங்கு மாதங்களில் அந்த மலை தினமும் தெரிந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும்.

அப்போது பல்கலைக்கழகத்தை மூடிவிட்டதால் நான் வீட்டுக்கு வந்திருந்தேன். லயத்து வீட்டில் போன் சிக்னல் இல்லை. விரிவுரை கேட்க இந்தப் பாறைக்குத்தான் ஏறி வரவேண்டும். கீழே நீ தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பாய். நாடே வீட்டுக்குள் இருந்தது. தோட்டத்தில் மட்டும் வழக்கம்போல வேலைக்குச் சங்கு ஊதியது. "ஊரடங்குன்னா எல்லாரும் வீட்டுல இருக்கணுமாம். அப்ப இது ஊரு இல்ல போல" என்று செடி குத்தாமலிருக்க இடுப்பில் படங்குச் சீலையைக் கட்டிக்கொண்டே சொன்னாய்.

பெரிய ரோட்டில் பஸ் இல்லை. சுற்றுலா வேன்கள் இல்லை. ரயிலும் நின்றிருந்தது. பாலத்துக்கு அடியில் ஓடை தெளிந்து கல் தெரிந்தது, போத்தல் ஒன்றுகூட மிதக்கவில்லை. முதலில் கேளையாடு வந்தது. பிறகு, நாம் புலி என்றே சொல்கிற சிறுத்தை, பட்டப்பகலில் ரோட்டைக் கடந்தது.

எல்லாவற்றையும் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கவேண்டிய ஒப்படைக்காக எழுதிக்கொண்டிருந்தேன். என்ன எழுதுகிறாய் என்று கேட்டாய். மனிதர்கள் இல்லாவிட்டால் காடு திரும்பி வருகிறது என்று எழுதுவதாகச் சொன்னேன்.

"நாங்க இங்கதானே இருக்கோம்" என்றாய்.

ஒரு மாலை என்னைக் குசினிக்குப் பின்னால் இழுத்துப் போய் ரகசியமாகச் சொன்னாய். தேயிலை மலையின் கடைசி நிரைக்கு, அந்த ஓரத்துச் செடி வரிசைக்கு அப்பால், புதருக்குள் இரண்டு குட்டிகள். பூனை என்று நினைத்துக் கிட்டப் போய்விட்டாயாம். சிரித்தாய்.

காய்கறித் தோட்டங்களுக்கு வரும் பன்றிக்கு ஆட்கள் கம்பிச் சுருக்கு வைப்பார்கள். புலி குட்டி போட்டிருக்கிறது என்று ஒருவர் அறிந்தால் அங்கேயும் ஒரு சுருக்கு விழும். இல்லையென்றால் கம்பும் போனுமாகக் கூட்டம் கூடும். "அதுவும் புள்ளக்காரி. சத்தம் இல்லன்னு நம்பி வந்திருக்கு. வண்டி ஓட ஆரம்பிச்சா போயிரும். அதுவரைக்கும் வாய மூடிக்கிட்டு இரு" என்றாய்.

மறுநாள் காலை வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில், கங்காணி ஆளாளுக்கு நிரை பிரிக்கும்போது, ஓரத்து நிரையை நீயே கேட்டு வாங்கினாய். அதை யாரும் கேட்பதில்லை. காட்டு நிழல், அட்டை, கொழுந்தும் குறைவு. சாமி கீமி வந்துவிட்டதா என்று கங்காணி கேலி செய்தார். உடம்புக்கு வெயில் ஆகவில்லை என்று சொல்லிவிட்டாய்.

கொழுந்து மட்டம் பார்க்கும் கம்பால் செடிகளைத் தட்டித் தட்டி உள்ளே போவாய். நீ வருவது அதற்குத் தெரியவேண்டும். உன்னைத் தாண்டி வேறு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. பாறை மேல் நான். காதில் விரிவுரை, கண் உன் மேல். எனக்குப் பயம் புலிக்காக அல்ல. வேறு நிரை கேள் என்று ஒருநாள் சொன்னேன். நீ கம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

ஊரடங்கு தளர்ந்தது. வேன்கள் வந்தன. ஒருநாள் புதர் வெறுமையாக இருந்தது. "போயிருச்சி" என்றாய், அவ்வளவுதான். ஆனால் ஓரத்து நிரையை நீ விடவில்லை. ஏன் அக்கா?

நீ காய்ச்சலில் போய் ஒரு வருசம் ஆகப்போகிறது. அந்த நிரை இப்போது உன் கூட்டாளி வசந்தியிடம். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். ஊரடங்கில் சுற்றுச்சூழல் அடைந்த நன்மை பற்றிப் பள்ளி மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். காற்றையும் ஓடையையும் எழுதினேன். வண்டிகள் வந்ததும் எல்லாம் போய்விட்டது என்று முடித்தேன். ஒரு நோய் வராமல் அதில் கொஞ்சமாவது நமக்கு வாய்க்காதா என்று கேட்க நினைத்தேன். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

போன கிழமை வசந்தி கூப்பிட்டாள். ஓரத்து நிரையின் ஈரமண்ணில் தடம். பெரியது ஒன்று. பக்கத்திலேயே சிறியது.

இப்போது ரோட்டில் இவ்வளவு இரைச்சல், எதை நம்பி வந்திருக்கிறது என்று கேட்டேன்.

"ஒங்கக்காவ நம்பித்தான்" என்றாள். அவளுக்கு அப்போதே தெரியுமாம். "அந்த நெரையில கொழுந்து ஏது? நிறுவையில கொறஞ்சா கங்காணி சந்தேகப்படுவாரு. அதான் ஆளுக்கு ஒரு கை அவ பையில போட்டுருவோம்."

"ஆளுக்குன்னா?"

"கூட நின்ன எல்லாருந்தான். ஒனக்கு மட்டுந்தான் தெரியும்னு நெனச்சியா புள்ள?"

நீ இதை என்னிடம் சொல்லவே இல்லை.

இருவரும் தடத்தைக் காலால் மிதித்து அழித்தோம். அவள் கம்பால் செடியைத் தட்டிக்கொண்டு உள்ளே போனாள். நான் வீட்டுக்கு வந்து கட்டுரையின் கடைசி வரியை வெட்டினேன்.

இந்தக் கடிதத்தில் தோட்டத்தின் பெயர் இல்லை. மலை நம்பர் இல்லை. வசந்தி என்பதும் அவள் பெயரல்ல. லீவு நாட்களில் பாறைக்கு வருவேன். அவள் நிரையை முடித்து வெளியே வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். வாயை மூடிக்கொண்டு இருப்பேன், அக்கா.

பாறை மேலிருந்து,
உன் தங்கச்சி