இன்னும் ரெண்டடி

2-12-1960, வெள்ளி

பம்பாயில் இன்று டெஸ்ட் தொடங்கியது. எட்டு வருடம் கழித்துப் பாகிஸ்தான் அணி நம் நாட்டுக்கு வந்திருக்கிறது. சாலைக்கு வரைபடம் போடுகிற அருணாசலம் தன் பாட்டரி ரேடியோவுக்குப் பலா மரத்தில் கம்பி கட்டியிருக்கிறார். வர்ணனை இங்கிலீஷில். "ஒரு விக்கெட்தான் போயிருக்கு ராசப்பன். நிக்கிற ரெண்டு பேரும் நகரமாட்டேங்குறாங்க" என்று கூடாரத்துக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்.

மலைக்குச் சாலை போட அளக்கிற வேலை மெதுவாகத்தான் நகர்கிறது. பனி விலகப் பத்து மணி ஆகிறது. மூன்று மணிக்குத் திரும்ப ஏறிவிடுகிறது.

4-12-60, ஞாயிறு

விடுமுறை. முகாமுக்குப் பின்னால் இருக்கும் புல்திட்டில் ஆடினோம். தேவனூர் நாடு என்கிற இந்த மலையூர்ப் பக்கம் தட்டையான இடம் அது ஒன்றுதான். மட்டை, பலாக்கட்டையில் செதுக்கியது. திட்டின் கிழக்கு விளிம்பு அப்படியே செங்குத்தாக இறங்குகிறது. ஐப்பசியில் சின்னான் விழுந்தது அங்கேதான். சின்னான் இந்த மலைக்காரன், எங்களுக்கு அளவுகோல் பிடித்துக்கொண்டு நின்றவன். அன்றிலிருந்து நான் அந்த விளிம்புக்குப் போனதில்லை.

அளவுச் சங்கிலி பிடிக்கும் சின்னுசாமி ஆட வரவில்லை. "அந்தப் பக்கம் வேண்டாமுங்க. கீழ சின்னானோட சாமைக் காடு. அதுக்கப்புறம் அங்க ஒருத்தரும் போறதில்லீங்க."

பகல் பன்னிரண்டுக்கே பனி சூழ்ந்தது. அருணாசலம் ஓங்கி அடித்தார். பந்து விளிம்பைத் தாண்டிப் பனிக்குள் மறைந்தது. போனது போனதுதான் என்று எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம். பீடி பற்றவைக்கிற நேரம் இருக்கும். பந்து திரும்பி வந்தது. பனிக்குள்ளிருந்து எழும்பி, வளைந்து, என் காலடியில் விழுந்தது.

யாரோ எறிந்தால்தான் அப்படி வரும்.

7-12-60

பம்பாய் ஆட்டம் வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தது. அந்தப் பந்தை யாரும் தொடவில்லை. புல்லிலேயே கிடக்கிறது.

18-12-60, ஞாயிறு

கான்பூரில் இரண்டாவது டெஸ்ட். இரண்டு வாரமாகப் பயந்தவர்கள் இன்று தாங்களே சிரித்துக்கொண்டு வேறு பந்தோடு கிளம்பினார்கள். நானும் போனேன். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்களே.

நான் பந்து வீசினேன். விளிம்புப் பக்கம் நின்ற பையன் மட்டைக்கு ரொம்பக் கிட்டே நின்றான். "டேய், இன்னும் ரெண்டடி பின்னால போ!" என்று கத்தினேன்.

கத்திய பிறகுதான் என்ன கத்தினேன் என்பது என் காதிலேயே விழுந்தது. அவன் நகரவில்லை, நல்லவேளை. அடுத்த அடியில் பந்து விளிம்பைத் தாண்டியது. காத்திருந்தோம். திரும்பி வரவில்லை. பனி மட்டும் திட்டின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. அப்புறம் கீழேயிருந்து ஒரு குரல், நிதானமாக —

"அதை இன்னொருக்காச் சொல்லுங்க."

எல்லோரும் ஓடிவிட்டார்கள். நான் விளிம்பையே பார்த்து நின்றேன். அருணாசலம்தான் திரும்பி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

19-12-60

வேறு யாரிடம் சொல்ல? இங்கே எழுதுகிறேன்.

ஐப்பசி பத்தாம் தேதி காலை. நான் கருவியில் கண் வைத்திருந்தேன். எதிரில் வெறும் வெள்ளை. அளவுகோல் தெரியவில்லை, அவன் தெரியவில்லை, விளிம்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். அன்றைக்குள் அந்தக் கோட்டை முடிக்க நினைத்தேன். "டேய் சின்னான், இன்னும் ரெண்டடி பின்னால போ" என்றேன். போனான்.

ரிப்போர்ட்டில் "கால் தவறி" என்று எழுதினேன். என் கைதான் எழுதியது. உடலைத் தூக்க மலையாட்கள் இறங்கினார்கள், நான் இறங்கவில்லை. அந்த வார்த்தை எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும் என்று இத்தனை நாள் —

யாரோ கேட்டிருக்கிறார்கள். யார்?

1-1-1961

கல்கத்தாவில் மூன்றாவது ஆட்டம். ரேடியோப் பக்கமே போகவில்லை. மதராஸ் டெஸ்டுக்கு அருணாசலத்தின் மைத்துனர் இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டார். "பதினொண்ணாந் தேதி இறங்குறோம். காரவள்ளியில பஸ், சேலத்துல ரயில்" என்கிறார். ஒரு டெஸ்டையாவது நேரில் பார்க்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. சந்தோஷமே வரவில்லை.

ஆட்கள் அளவுகோல் பிடிக்க மறுக்கிறார்கள். நான் வாயைத் திறந்தாலே என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

8-1-61, ஞாயிறு

இறங்கினேன். தனியாக, பட்டப்பகலில், சுற்றுப்பாதையில், சின்னானின் காட்டுக்கு. போய்ச் சேருமுன் பனி வந்துவிட்டது. சாமை அறுத்த அடித்தாள் காலில் குத்தியது. ஒரு காவல் குடிசை, அதன் முன்னால் ஒரு பெண். என்னைப் பார்த்து எழவும் இல்லை, பயப்படவும் இல்லை.

"வருவீங்கன்னு தெரியும்" என்றாள். "அதைச் சொல்லுங்க."

சொன்னேன். மெதுவாகத்தான் வந்தது.

"அப்படியில்லீங்க. அன்னைக்குச் சொன்ன மாதிரி."

கத்தினேன். பாறையில் மோதித் திரும்பி வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"இந்தக் கொரலுதான்" என்றாள்.

சின்னானின் மனைவி கண்ணாயி. அன்று இந்தக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மேலே பனிக்குள் குரல் கேட்டது. அடுத்து சின்னான் மேலேயிருந்து அவள் முன்னால் வந்து விழுந்தார்.

"நாஞ் சொன்னா ஆரும் நம்பலீங்க. நான் தீட்டோட காட்டுல எறங்குனேன், அந்தத் தெய்வக் குத்தந்தான் அவரைத் தள்ளிடுச்சுன்னு எம் மாமனாரு ஊட்டைவிட்டு அனுப்பிட்டாரு. தெய்வம் 'டேய்'னா கூப்பிடும்? அந்தக் கொரலு திரும்ப வருமான்னு இங்கயே கெடக்குறேன்."

குடிசைக்குள் போய் ஒரு பந்தை எடுத்து வந்து நீட்டினாள். இரண்டாவது பந்து. "மொதப் பந்தை நீங்கதானே எறிஞ்சீங்க, டிசம்பர் நாலாந் தேதி?" என்று கேட்டேன்.

"மாரியம்மன் நோம்பி முடிஞ்ச பொறவுதாங்க நான் இங்க வந்தேன். அது முடிஞ்சு மூணு வாரந்தான் ஆவுது, நீங்க இதை அடிச்சதுக்கு ரெண்டு நாளு முந்தி. அதுக்கு முன்ன எங்கம்மா ஊட்டுல இருந்தேன்."

அவள் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை. நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

"ஊர்க் கூட்டத்துல வந்து சொல்லுங்க. வேறொண்ணும் வேண்டாம்" என்றாள்.

11-1-61

அருணாசலத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "வேலை போயிரும் ராசப்பன். மேட்ச் பாத்துட்டு வந்து யோசிப்போம்." போய்விட்டு வந்தால் யோசிக்க மாட்டேன், எனக்கு என்னைத் தெரியும். அவர் மட்டும் இறங்கினார்.

13-1-61, வெள்ளி

மதராஸில் இந்நேரம் ஆட்டம் தொடங்கியிருக்கும். நான் ஊர்க் கூட்டத்தில், கோயில் முன்னால் நின்று சொன்னேன். அறுபது பேர் இருப்பார்கள். சின்னானின் அப்பா சுப்பையன் நடுவில் உட்கார்ந்திருந்தார். முடித்ததும், "அவனுக்கு வெளும்பு தெரிஞ்சுதுங்களா?" என்று கேட்டார்.

"பனிங்க. ஒண்ணுமே தெரியல. தெரியாமத்தான் சொன்னேன். நிறுத்தியிருக்கணும்."

அடிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் அசையவில்லை. அது அடியை விடப் பயமாக இருந்தது. கிழவர் எழுந்தார், என்னைத் தாண்டிப் போனார். ஓரமாக நின்ற கண்ணாயியின் துணி மூட்டையைத் தன் தலையில் எடுத்து வைத்துக்கொண்டு நடந்தார். அவள் பின்னால் போனாள்.

மாலையில் மேலதிகாரிக்கு உண்மையை எழுதித் தபாலில் சேர்த்தேன்.

21-1-61

வேலையிலிருந்து நிறுத்திவைத்த உத்தரவு. மதராஸ் ஆட்டமும் டிராவாம். அருணாசலம் திரும்பி வந்து எதையோ விவரித்தார், தலையாட்டினேன்.

13-2-61, சேலம்

இன்று விசாரணை. "நீங்கள் அப்படிச் சொன்னதற்குச் சாட்சி உண்டா?" என்றார் அதிகாரி. கண்ணாயி வெளியே உட்கார்ந்திருந்தாள். மலையிறங்கி, காரவள்ளியில் பஸ் பிடித்து, மாமனாரோடு வந்திருக்கிறாள். நான் அழைக்கவில்லை.

"இவருதாங்க சொன்னாரு" என்றாள். என்னைப் பார்க்காமல், "ஆனா பனிங்க. இவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல" என்றாள்.

முடிவை எழுதி அனுப்புவார்களாம். ஓட்டல் ரேடியோவைச் சுற்றிக் கூட்டம். டில்லியில் ஐந்தாவது டெஸ்டின் கடைசி நாள். அதிலும் முடிவு இல்லாமல் போனால் ஐந்தும் டிரா; அந்த அணி ஊர் திரும்பிவிடும் என்று பேசிக்கொண்டார்கள். நான் நிற்கவில்லை.

பஸ் நிலையத்தில் அவர்களை ஏற்றிவிடப் போனேன். சுப்பையன் ஏறி உட்கார்ந்தார். கண்ணாயி படியில் ஒரு கால் வைத்தபடி திரும்பினாள்.

"ஒண்ணு கேக்கோணுங்க. நீங்க அப்படிச் சொன்னதுக்கு அவரு என்னமாச்சும் சொன்னாருங்களா? எனக்குக் கேக்கல."

சொன்னார். இதுவரை இந்த நோட்டில்கூட நான் அதை எழுதவில்லை.

"'சரிங்க'ன்னாரு" என்றேன்.

தலையசைத்தாள். உள்ளே போய் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அவள் பக்கம் குனிந்து என்னவென்று கேட்பதும், அவள் சொல்வதும் ஜன்னல் வழியாகத் தெரிந்தது.