கண்ணாடிக் கோயிலில் நான் பார்க்காதது

நொச்சிக்குப்பம்
ஞாயிறு மத்தியானம்

அன்பு மகள் மேகலாவுக்கு அம்மா ஜெசிந்தா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் நைனாவும் தம்பி கிஷோரும் இங்கே சுகம், பாரிஸ் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும். அதனால்தான் எழுதிக் கிஷோரிடம் கொடுக்கிறேன், போட்டோ எடுத்து அனுப்புவான். நடுவில் போன் போடாமல் கடைசி வரைக்கும் படி.

நான் பாரிஸுக்கு வந்திருந்தபோது அந்தக் காலத்து ராஜா கட்டின கண்ணாடிக் கோயிலுக்கு என்னைக் கூட்டிப்போனாயே, அதைப் பற்றித்தான். கிணற்றுக்குள் ஏறுவது மாதிரி வளைந்து வளைந்து போன அந்தப் படியில் நான் சுவரைத் தடவிக்கொண்டே ஏறினேன், நீ முட்டிவலி என்று நினைத்துக் கையைப் பிடித்தாய். மேலே போனதும் சுற்றிலும் சுவரே இல்லை, எல்லாம் கண்ணாடிதான், எழுநூறு வருஷத்துக்கு மேல் பழசு, பைபிள் கதை முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தாய். கலர் கண்ணாடி ஜன்னல் செய்கிற வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீ மாதக்கணக்காக உட்கார்ந்து பார்த்து வரைந்த கட்டத்தையும் கையை நீட்டிக் காட்டினாய். எல்லாரும் அண்ணாந்து நின்றார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் நீலமும் சிவப்பும் கலந்த புகை. ஒரு முகம் தெரியவில்லை, ஒரு கை தெரியவில்லை. பயத்தில், நல்லா கீது, கால் வலிக்குது, கீழ போலாமா என்று கேட்டுவிட்டேன். உன் முகம் சுருங்கினது எனக்குத் தெரியவில்லை, குரலில்தான் தெரிந்தது. நான் இன்னா வேலை செய்றன்னு உனக்குக் காட்டத்தானேம்மா இவ்ளோ தூரம் கூட்டியாந்தேன் என்றாய். அம்மாவுக்கு உன் வேலை பிடிக்கவில்லை என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருப்பாய். அது இல்லை மேகலா. எனக்குக் கண் தெரியவில்லை. ஒன்றரை வருஷமாகவே மங்கிக்கொண்டு வந்தது, நான்தான் யாரிடமும் மூச்சு விடவில்லை. நைனா கால் உடைந்து கிடந்தபோது நீ பரீட்சையை விட்டுவிட்டு ஓடி வந்தாய், உனக்கு ஒரு வருஷம் போனது. என்னாலும் அப்படி ஆகக் கூடாது என்றிருந்தேன்.

ஊர் திரும்பின பிறகும் செவுளைத் தடவிப் பார்த்து, மோந்து பார்த்துத்தான் வியாபாரத்துக்கு மீன் எடுத்துக்கொண்டிருந்தேன். போன மாசம் ராயப்பேட்டை மஹ்விஷுக்கு வஞ்சிரம் வெட்டிக் கொடுத்தேன், பதினைந்து வருஷமாக என்னிடம் மட்டுமே வாங்குகிற பெண். அரைமணி நேரத்தில் அதே பையோடு திரும்பி வந்தாள். சண்டை போடவில்லை. பக்கத்தில் குந்திக்கொண்டு, அக்கா இது பழைய மீனு, நீங்க தெரிஞ்சு எனக்கு இப்பிடித் தரமாட்டீங்க, கண்ணு தெரியலியா உங்களுக்கு என்று மெதுவாகக் கேட்டாள். என் விரலில் சுற்றியிருந்த துணியையும் பார்த்துவிட்டாள், முந்தின நாள் கத்தி பட்டது. நான் அழுதுவிட்டேன். கூடையைப் பக்கத்துக் கடையில் விட்டுவிட்டு அப்படியே ஆட்டோவில் ஏற்றிக் கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். இரண்டு கண்ணிலும் புரை, அதோடு வலது கண்ணில் பிரஷர் ஏறி நரம்பு கெட்டுப்போயிருக்கிறது, அது இனி திரும்பாது, ஒரு வருஷம் முன்னால் வந்திருக்கலாமே என்றார் டாக்டரம்மா. நைனா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கடலுக்குப் போகாமல் என்னோடு ஆபரேஷனுக்கு வந்தார். இடது கண்ணில் புரை எடுத்து மூன்று வாரம் ஆகிறது. கட்டுப் பிரித்ததும் முதலில் நைனாவைத்தான் பார்த்தேன், தாடி முழுக்க நரைத்திருக்கிறது, எப்போது நரைத்தது என்று கேட்டதற்குச் சிரிக்கிறார். உனக்குச் சொல்ல வேண்டாமென்று நைனாவையும் கிஷோரையும் நான்தான் தடுத்தேன், அவர்களைத் திட்டாதே.

இன்று காலை சாந்தோம் கோயிலில் பூசைக்குப் போனேன். வெயில் ஏறினபோது பக்கத்து ஜன்னலைப் பார்த்தேன். இத்தனை வருஷம் போய்வந்த கோயில்தான், அது ஒரே கண்ணாடி என்றுதான் நினைத்திருந்தேன். சின்னச் சின்னத் துண்டாக வெட்டிச் சேர்த்திருப்பதும் நடுவில் கறுப்புக் கோடு ஓடுவதும் இன்றைக்குத்தான் தெரிந்தது. இதையா என் பெண் உட்கார்ந்து செய்கிறாள் என்று இருந்தது. சாமியார் பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறவில்லை. நீ காட்டின கட்டம் எது என்று எழுதி அனுப்பு, இன்னொரு தடவை உன்னோடு அந்தப் படி ஏற வேண்டும்.

லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே, சொட்டு மருந்தைக் கிஷோர் நேரம் தவறாமல் விடுகிறான். ஒரே ஒரு காரியம் செய். இந்தப் பிரஷர் பெற்ற பிள்ளைகளுக்கும் வருமாம், வலியே இருக்காதாம். கிஷோருக்குப் பார்த்தாகிவிட்டது, ஒன்றுமில்லை. நீ நாள் முழுக்கக் கண்ணை வைத்துச் செய்கிற வேலை, இந்த வாரமே போய்க் காட்டிவிடு. டாக்டர் நல்லது சொன்னாலும் கெட்டது சொன்னாலும் அன்றைக்கே எனக்குச் சொல். அம்மா தாங்கமாட்டாள் என்று ஒளிக்காதே, நான் ஒளித்தது போதும். மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா
ஜெசிந்தா