வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

ஜனவரி 11, ஞாயிறு

பூசை முடிந்து வந்த கையோடு றொபேட் கராஜுக்குள் போய்விட்டார். ஸ்கீக்கு மெழுகு பூசுகிறாராம். அடுத்த மாதம் ஐம்பது கிலோமீற்றர் பந்தயம். பேரப்பிள்ளை காண வேண்டிய வயதில் இவருக்குக் காட்டுக்குள் பனிச்சறுக்கு. மிசிசாகாவில் விமானத்துக்குப் பெட்டி ஏற்றுகிற வேலை. அங்கே கூட நிற்கிறவர்கள் இழுத்துவிட்ட பழக்கம். வீடு முழுக்க மெழுகு மணம்.

பனிக்கு நான் பயப்படவில்லை. இவருக்கு இருப்பது ஒரே ஒரு சிறுநீரகம். மற்றதைத் தங்கை எமில்டாவுக்குக் கொடுத்துவிட்டார். ஓடு, சறுக்கு, தண்ணீர் குடிப்பதை மட்டும் விடாதே என்பதுதான் டொக்டரின் சொல்.

ஜனவரி 25, ஞாயிறு

பயிற்சிக்கு நானும் போனேன். திரும்பி வந்தவரின் உள்சட்டையைப் பிழியலாம். இடுப்புப் பட்டியில் இருந்த போத்தல் கொண்டுபோனபடியே இருக்கிறது, வாயில் ஐஸ் அடைத்து. "குளிருக்குள்ள எங்கையப்பா தாகம் எடுக்குது?" என்கிறார். தாகம் வந்து சொல்லும்வரை காத்திருந்தால் சரிதான்.

அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெண் சொல்லித் தந்தாள்: சுடுதண்ணீர் விட்டு, போத்தலைத் தலைகீழாக மாட்டு, ஐஸ் அடிப்பக்கம் பிடிக்கும், வாய் அடைக்காது. நல்ல புத்தி. குடிக்க மனம் வைக்கிறதுக்கு யாரிடம் போய்ப் புத்தி கேட்பது?

பெப்ரவரி 8, ஞாயிறு

பந்தயத்தில் தண்ணீர் கொடுக்கிற இடத்தில் நான் நிற்பதாக முடிவு. வீட்டு வாசலில் பழகிப் பார்த்தோம். நான் கோப்பையை இரண்டு கையாலும் மரியாதையாக நீட்ட, அவர் சிரித்தார். "இறுக்கிப் பிடியாதையும். நான் பறிச்சுக்கொண்டு போவன், நீர் விட்டிட வேணும்." கையெல்லாம் நனைந்தது. நானும் சிரித்தேன்.

பெப்ரவரி 15, ஞாயிறு

கோயிலில் அறிவித்தார்கள் – புதன்கிழமை விபூதிப் புதன். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. தபசுகாலம் தொடங்குகிறது, நாற்பது நாள் நோன்பு. பந்தயம் சனி. அதற்கு முதல் நாள் வெள்ளி.

எமில்டாவுக்கு ஒப்பரேசன் நடந்த அன்று இவர் வைத்த நேர்த்தி: அவள் பிழைத்தால், தபசுகாலத்து வெள்ளி ஒவ்வொன்றும் பொழுதுபடும்வரை பச்சைத் தண்ணீரும் பல்லில் படாது. மற்றவர்களுக்கு ஒருசந்தி என்றால் ஒருநேரச் சாப்பாடு. இவருக்கு அது காணாது.

பெப்ரவரி 16, திங்கள்

கேட்டுப் பார்த்தேன்.

"தண்ணி குடிக்கலாமெண்டு பாதரே சொன்னவர்."

"பாதரிட்டக் கேட்டே நான் நேத்தி வைச்சனான்?"

"அப்ப பந்தயத்தை விடுங்கோ."

"ரெண்டும் செய்வன். நீர் பேசாம இரும்."

இந்த மனுசனோடு எப்படிக் கதைக்கிறது? எனக்குத் தெரியவில்லை.

பெப்ரவரி 17, செவ்வாய்

இவருக்குத் தெரியாமல் யூனியன்வில்லுக்குப் போய் எமில்டாவைக் கண்டேன். நீ சொன்னால் கேட்பார், இந்த ஒரு வெள்ளி மட்டும் விடச் சொல்லு என்றேன். எழும்பிப் போய்த் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "மச்சாள், நேத்தியைக் குழப்பி எனக்கு ஏதும் வந்திட்டா?"

அவளை என்ன சொல்ல? இரண்டு சின்னப் பிள்ளைகள். அவளுக்கும் உயிர்ப்பயம். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழும்பி வந்தேன். கோபம் கோபமாக வந்தது, யார் மேலே என்றுதான் தெரியவில்லை.

பெப்ரவரி 20, வெள்ளி

விடிய வெறும் வயிற்றோடு வேலைக்குப் போனார். நாள் முழுக்கப் பெட்டி தூக்கிவிட்டு வந்தார். உதடு வெடித்திருக்கிறது. பொழுதுபட்ட பிறகு கஞ்சியும் இரண்டு கிளாஸ் தண்ணீரும். இன்னும் குடியுங்கோ என்று பின்னாலேயே திரிந்தேன். "வயிறு ஊதுது, விடும்" என்று படுத்துவிட்டார்.

மாதாவே.

பெப்ரவரி 21, சனி

முதல் சுற்றில் கோப்பையைப் பறித்தார். பாதி தாடியில் போனது. இரண்டாம் சுற்றில் கையால் வேண்டாம் என்று காட்டிவிட்டுப் போனார். நான் பின்னால் ஓடினேன், பனிக்குள் முழங்கால்வரை புதைந்தது. "குடியுங்கோ, குடிச்சிட்டுப் போங்கோ" – திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாம் சுற்றுக்கு வரவேயில்லை. மற்ற எல்லோரும் வருகிறார்கள், போகிறார்கள். கையில் கோப்பை ஆறிக்கொண்டே இருக்கிறது. ஊற்றிவிட்டுத் திரும்பச் சூடாக நிரப்பினேன். திரும்பவும் ஆறியது. வேறு என்ன செய்ய? காட்டுக்குள் போகவும் விடமாட்டார்கள்.

கடைசியில் ஸ்னோமொபைலில் கட்டிக் கொண்டுவந்தார்கள். என்னைப் பார்த்தார், ஆனால் நான் யாரென்று தெரியாத பார்வை.

பெப்ரவரி 22, ஞாயிறு

சிறுநீர் கோக் நிறத்தில் கொஞ்சம் வந்தது. பிறகு அதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் இரத்தம் கழுவுகிற மெஷினில் போட்டிருக்கிறார்கள். திரும்பி வேலை செய்யுமா என்று கேட்டேன். பொறுத்துப் பார்க்க வேண்டும் என்றாள் அந்த இளம் டொக்டர். மற்றவர்களுக்கு இன்னொன்று இருக்கும், இவருக்கு இல்லையே என்றும் சொன்னாள். எனக்குத் தெரியாததா?

பெப்ரவரி 24, செவ்வாய்

இப்போது தண்ணீர் கூடாதாம். உள்ளே போவது வெளியே வராது, நெஞ்சில் கட்டிவிடும். நாளுக்கு அளந்து அளந்து, சின்னச் சின்னக் கப்பில்.

இப்போதுதான் கேட்கிறார். "அன்ரனெற், கொஞ்சம் தண்ணி தாரும்." நான் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. நான்.

பெப்ரவரி 27, வெள்ளி

எமில்டா வந்தாள். எந்நேரமும் கையில் கொண்டு திரிகிற தண்ணீர்ப் போத்தலைக் கதவடியில் என்னிடம் தந்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

அவர் கண் விழித்திருந்தார். நேர்ஸ் காலைக் குளிசைகளையும் சின்னக் கப்பில் தண்ணீரையும் வைத்துவிட்டுப் போனாள். கையை நீட்டி எடுத்தவர், வாயடியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். உதடெல்லாம் தோல் உரிந்து கிடக்கிறது. கப்பையே பார்த்துக்கொண்டு கேட்டார்:

"இண்டைக்கு என்ன கிழமை?"

நான் எமில்டாவைப் பார்த்தேன். அவள் தன் வயிற்றில், அந்தத் தழும்புப் பக்கமாகக் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வியாழன், அண்ணை" என்றாள்.

குடித்தார்.