பஸ்ஸில் எடுத்த வீடியோ

மார்ச் 12, செவ்வாய்.

இரண்டு முறை மாத்திரையைக் கூட்டியும் பிபி இறங்கவில்லை. மனைவி மல்லிகா கருவாட்டை நிறுத்தியதும் வீண்.

இன்று டாக்டர், “குறட்டை உண்டா?” என்று கேட்டார்.

“அடிச்சிப் போட்ட மாதிரி தூங்குவேன் சார்” என்றேன் பெருமையாக.

கூட வந்த சலீம் போனை நீட்டினான். கம்பெனி பஸ்ஸில் நான் தூங்கும்போது அவன் எடுத்து, எங்கள் கட்டிங் செக்‌ஷன் முழுக்கக் காட்டிச் சிரித்த வீடியோ. டாக்டர் மூன்று தடவை பார்த்தார். சிரிக்கவில்லை.

“நடுவுல மூச்சே நின்னுடுது பாருங்க. இதுலயும் பிபி ஏறும்.”

வெள்ளிக்கிழமை வேலூரில் தூக்கப் பரிசோதனை. காரணம் பிடிபட்டுவிட்டது, இனி இறங்கிவிடும். எனக்குப் பயமில்லை.

மல்லிகாவும் வீடியோவைப் பார்த்தாள். முடிந்ததும் சொன்னாள்: “கொறட்ட நிக்கிற நேரமா பாத்துதான் இத்தினி வருஷமா நான் தூங்கினேன்.”