ஏழாம் நம்பர் வைஃபையும் உன் சித்தப்பாவும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் காகிதத்தில் எழுதுகிறாரே என்று பார்க்காதே, போனில் நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அதுவும் போக இது வைஃபை சமாசாரம், சாவகாசமாகச் சொன்னால்தான் உன் மண்டையில் ஏறும். 'ஏழாவது வாங்குங்கப்பா, அதுதான் லேட்டஸ்ட், இவரும் அதைத்தான் சொல்றார்' என்று செய்தி அனுப்பியிருந்தாய். படித்தேன். மாப்பிள்ளை சொன்னாரென்றால் கடைக்காரன் சொன்னதை அவர் சொல்லியிருப்பார், கடைக்காரன் டப்பா மேல் அச்சடித்ததைச் சொல்லியிருப்பான். பஸ் பணிமனையில் தினமும் வண்டிக்கு அடியில் படுத்துக் குறை பார்க்கிறவன் நான், புது பெயிண்டைப் பார்த்து மயங்கிப் பழக்கமில்லை.

இந்தக் கூத்தெல்லாம் உன் சித்தப்பாவால் வந்தது. இரண்டு தெரு தள்ளி அவர் வீடு, மொத்தமே மூன்று அறை, அதற்கு ஏழாவது தலைமுறை ரூட்டர் வாங்கி ஹாலில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார வைத்திருக்கிறார். எட்டு ஆண்டெனா. மல்லாந்து கிடக்கிற கரப்பான்பூச்சிக்குக்கூட ஆறு கால்தான். டைல்ஸ் கடையில் இந்த டிசைனைவிட அது ஒசத்தி என்று நம்பர் சொல்லியே வியாபாரம் செய்கிறவர், வீட்டிலும் அதே வாய். நம் கட்டடத்து மாடிப்படியில் நாலு பேர் முன்னால் என்னை நிறுத்தி, 'சகலை, உங்க வீட்ல நாலு, எங்க வீட்ல ஏழு, அதான் அக்கா இங்க வந்து பேத்திகிட்ட பேசுறாங்க' என்றார். அம்மா கொஞ்ச நாளாகவே சாயங்காலமானால் செருப்பை மாட்டிக்கொண்டு அங்கே போய்த்தான் உங்களோடு பேசுகிறாள். கேட்டால், 'இங்க படம் நின்னு நின்னு போகுது, குழந்தை முகம் பாதியோட நிக்குது' என்பாள். இந்த ஆள் வாயால் இதைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரி, இந்த நாலும் ஏழும் என்னதான் என்று பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். நம் வீட்டில் இருந்தது நாலாவது, நம் பெட்டி பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் என்கிற அலையில், அது சுவரைத் தாண்டிப் போகும், ஆனால் இந்தக் கட்டடத்தில் எல்லார் வீட்டுப் பெட்டியும் அதே அலையில் கத்துவதால் ஒரே சந்தைக்கடை. ஐந்தாவது நல்ல வேகம், ஓடுவது ஐந்து கிகாஹெர்ட்ஸில், குறுக்கே இரண்டு சுவர் வந்தால் மூச்சு வாங்கும். ஆறாவதுக்கு இரண்டு அலையும் வரும், போன், டிவி, லேப்டாப் எல்லாம் ஒரே சமயத்தில் கைநீட்டினாலும் தள்ளுமுள்ளு இல்லாமல் பங்கு பிரித்துக் கொடுக்கும். அதிலேயே 6இ என்று ஒன்று, அதற்கு ஆறு கிகாஹெர்ட்ஸில் புது ரோடு போட்டிருக்கிறார்கள், ரோடு காலியாகத்தான் இருக்கிறது, ஆனால் சுவரைக் கண்டால் ஐந்தைவிடச் சோம்பேறி. ஏழாவது இந்த ரோடுகளையெல்லாம் சேர்த்துப் பிடித்து ஒரே நேரத்தில் ஓட்டும். கெட்டிக்காரத்தனம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எதிரே இருக்கிற போனுக்கும் ஏழு தெரிந்திருக்க வேண்டுமே. உன் அம்மா போனுக்கு ஐந்துக்கு மேல் எண்ணத் தெரியாது. கம்பெனிக்காரன் நம் வீட்டுக்கு விடுகிற லைனோ ஐந்தாவதுக்கே அரை வயிறுதான் நிரம்பும். இதைக் கடையில் கேட்டால், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவன், 'ஃபியூச்சர் சார், ஃபியூச்சருக்கு வாங்குங்க சார்' என்கிறான். எந்த அலை சுவர் தாண்டும் என்று கேட்டேன், டப்பாவைத் திருப்பிப் பார்க்கிறான்.

பிறகு நேரே சித்தப்பா வீட்டுக்குப் போனேன். அம்மா அப்போதுதான் உன்னோடு பேசி முடித்திருந்தாள், சித்தி டீ போட்டுக்கொண்டிருந்தாள், அவர்கள் மாடியில் குடியிருக்கிற வாத்தியாரும் இருந்தார். அம்மா போனை வாங்கி செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தேன், நான் நினைத்தபடியே ஐந்தாவதில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. சித்தப்பா போனையும் கேட்டு வாங்கினேன், அது ஆறாவது. பின் அறைக்கு எடுத்துப் போனால் அங்கே ஒரு கோடுதான் சிக்னல். அந்த வீட்டில் ஏழு என்று இருப்பது அந்தப் பெட்டி மட்டும், அதோடு ஏழாவது பாஷையில் பேச இன்னொரு ஜீவன் கிடையாது. இதை எல்லார் முன்னாலும் விளக்கிச் சொல்லி, 'பெட்டிதான் ஏழு, ஆளுங்க எல்லாம் இன்னும் அஞ்சாங்கிளாஸ்' என்றேன். வாத்தியார் சிரித்துவிட்டார். சித்தப்பா போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். சித்தி என் டீயை மட்டும் மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்தாள். வீடு வரும்வரை அம்மா எனக்கு முன்னாலேயே நடந்தாள்.

மறுநாளே ஆறாவது ஒன்று வாங்கி, டிவிக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல் ஹால் நடுவில் அலமாரி உச்சியில் வைத்து, வாசல்வரை நடந்து பார்த்தேன், எங்கும் குறை இல்லை. சாயங்காலம் பார்த்தால் அம்மா செருப்பை மாட்டுகிறாள். இனிமேல் எதற்கு அங்கே என்று கேட்டேன். உட்கார்ந்து ஒரு செருப்பைக் கழற்றினாள், பிறகு சொன்னாள், 'நெட்டு எப்பவாவதுதான் நின்னுச்சு. குழந்தை உங்களுக்குன்னு பஸ் வரைஞ்சு காட்டினப்போ முன்சக்கரம் கோணல், இந்த வண்டி ரோட்டுக்குப் போகாதுன்னீங்க. அது போனைக் கவுத்து வச்சிட்டு எழுந்து போயிடுச்சு. படம் நின்னு போச்சுன்னு நான்தான் உங்ககிட்ட சொன்னேன். அதுக்கப்புறம் தாத்தா இல்லாத இடத்துல இருந்து கூப்பிடுங்கன்னு கேட்டுச்சு, அதான் அங்க போறேன்' என்று. உனக்கும் தெரியுமாம், உன் சித்திக்கும் தெரியுமாம். சித்தப்பாவுக்கும் தெரியுமாம், தெரிந்துகொண்டே அந்த மனுஷன் மாடிப்படியில் பழியைத் தூக்கி ரூட்டர் மேல் போட்டிருக்கிறார். அதற்காக அவர் வாங்கினது புத்திசாலித்தனம் ஆகிவிடாது, அது தண்டம்தான், யார் வந்து கேட்டாலும் சொல்வேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை போய் அந்தப் பெட்டியை அவர் வீட்டு நடு அறைக்கு மாற்றி வைத்துவிட்டு வந்தேன், இப்போது பின் அறையிலும் ஒழுங்காக வருகிறது. அவர் நன்றி சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை, டீ மட்டும் கையில் கொடுத்தார்கள்.

மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், குழந்தைக்கு என் முத்தம், அம்மா கொடுத்ததாகவே கொடு. நினைவாக ஒன்று செய், உங்கள் வீட்டு ரூட்டரைத் தரையில் வைத்திருப்பதாக அம்மா சொன்னாள், படித்தவர்கள் செய்கிற காரியமா அது, மேலே தூக்கி வை. வருகிற சனிக்கிழமையிலிருந்து அம்மா நம் வீட்டிலிருந்தே பேசுவாள். நான் சமையலறையில் இருப்பேன், இருப்பதாக யாரும் காட்டிக்கொள்ள வேண்டாம். குழந்தை எதை வரைந்து காட்டினாலும் என்ன நிறம், எத்தனை ஜன்னல் என்று நீயும் அம்மாவும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிக்கொள்ளுங்கள், அங்கிருந்து எனக்குப் படம் தெரியாது.

இப்படிக்கு,
அப்பா