சுவர் காயும்வரை நில்

டோர்ட்மண்ட்
12.09.2004

அன்பு மகள் சுலோஜனாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, கொதித்தாறிய தண்ணீர் குடித்துச் சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. முழங்கால் நோவுக்கு நடக்கச் சொல்லி டாக்டர் அம்மாவுக்குச் சொன்னார், அவ என்னை நடக்கச் சொல்கிறா.

நீ படிப்பிக்கிற பல்கலைக்கழகத்தைத் திருத்த அரசாங்கம் காசு ஒதுக்கிவிட்டது என்ற உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. ஆமி ஏழு வருடம் குடியிருந்து, ஆய்வுகூட மேசைகளை விறகாக எரித்த கட்டிடம். அதற்காகக் கொழும்பில் திறைசேரிப் படிகளில் ஒன்பது தடவை ஏறினாயாம், கடைசியில் அந்த அதிகாரியே எழும்பிக் கதிரை தந்தாராம். அம்மா கொலோனில் இருக்கிற சிசிலி அக்காவுக்குப் போன் எடுத்து, "என்ர பிள்ளை அரசாங்கத்தையே அசைச்சுப் போட்டாள்" என்று சொன்னா. எனக்கும் பெருமை தாங்கவில்லை, வேலையிடத்தில் எல்லாருக்கும் படத்தைக் காட்டினேன். பதினெட்டு வருடம் இங்கே சுவர் பூசுகிறவன் ஒன்று சொல்கிறேன் கேள். ஆமிக்காரர் சமைத்த அறைச் சுவரில் கரி ஏறிக் கிடக்கிறது. வேலையை எடுத்த கொந்தராத்துக்காரன் வெள்ளை அடித்து மறைக்கப் பார்ப்பான், விடாதே, அடுத்த மாரிக்குக் கறுப்பு வெளியே வரும். கல் தெரியுமட்டும் உரித்துப் புதிதாகப் பூசச் சொல், நன்றாகக் காய்ந்தபின்தான் நிறம்.

இனி என் பிழை. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் உன் ஜெர்மன் விசா போய்விடும், ஒக்டோபரோடு ஆறு மாதம் முடிகிறது. தவணை கேட்டு நீ அனுப்பிய அன்ட்றாக் விண்ணப்பத்தை நான் வெளிநாட்டவர் கந்தோரில் கொடுக்கவில்லை. என் சாமான் பெட்டிக்குள் மேசன் கரண்டிக்கு அடியில் ஐந்து கிழமை வைத்திருந்தேன். கொடுக்காவிட்டால் நீ ஓடி வந்துதானே ஆகவேண்டும் என்ற கள்ளப் புத்தி. சண்டை திரும்பத் தொடங்குமோ என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

படத்தைப் பார்த்தபின் வெட்கமாகப் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை தனியாகப் போனேன். உனக்குப் பத்து வயதில் பள்ளிக்கூடம் போகவிடாமல் மறித்து அந்தக் கந்தோருக்குக் கூட்டிப்போய், எனக்காக ஜெர்மன் கதைக்க வைத்தவன் நான். கதிரையில் இருந்தால் உன் கால் நிலத்தில் முட்டாது. இந்தமுறை பக்கத்துக் கதிரை வெறுமை. மகள் ஏன் அங்கே நிற்கவேண்டும் என்று மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த அதிகாரிப் பெண் கேட்டா. என் மகள் பல்கலைக்கழகம் கட்டுகிறாள், சுவர் காய நேரம் வேண்டும் என்று தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். படத்தை வாங்கிப் பார்த்தா, கனநேரம் பார்த்தா. ஒரு வருடத் தவணை கிடைத்திருக்கிறது. அந்தக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன், கடவுச்சீட்டோடு பத்திரப்படுத்து.

தொட்ட வேலை குறையில்லாமல் முடிய நல்லூரான் உன்னோடு நிற்பான். கரிச் சுவரை உரித்தபின் படம் அனுப்ப மறக்காதே. பெட்டி விஷயம் அம்மாவுக்குத் தெரியாது, அதை நானே சொல்கிறேன்.

இந்தமுறை தானாகவே கதைத்துவிட்டு வந்த,
உன் அப்பா
குணசேகரம்