ஊசி ஏன் சிவப்புக்குப் போகிறது?

ஆவணி 5, செவ்வாய்

வெயில், புழுக்கம். வாலாஜாபாத்தில் தவிடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது லாரி கொதித்துவிட்டது. சூடு காட்டும் ஊசி சிவப்பைத் தொட்டு அங்கேயே குடியேறிவிட்டது. தண்ணீர் ஊற்றும் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் இட்லிக் குண்டான் மாதிரி ஆவி. ஓரங்கட்டி, ஆறவைத்து, தண்ணீர் ஊற்றி, ஆமை வேகத்தில் வீடு.

வெள்ளிக்கிழமை பெங்களூருக்கு அரிசி லோடு. இந்த நடை சரியாகப் போனால் இனி எல்லா நடையும் எனக்கே என்று மில்காரர் சொல்லியிருக்கிறார். வண்டி படுத்தால் லோடு தென்னேரி லாரிக்காரன் மணிக்குப் போகும். மில் வாசல் டீக்கடையில் மணி இப்போதே உட்கார்ந்திருக்கிறானாம். டீயே பிடிக்காதவன்.

கவலையில்லை. என் வண்டி, எனக்குத் தெரியாதா? ஃபேன் பெல்ட்தான்.

புதன்

ஃபேன் பெல்ட் இல்லை.

அடுத்து, தெர்மோஸ்டாட். மெக்கானிக் ரபீக் பாய் அதைக் கழற்றி வெந்நீரில் போட்டுக் காட்டினார். சமர்த்தாகத் திறந்து மூடுகிறது. வாட்டர் பம்ப்பும் நல்ல பிள்ளை.

"இன்ஜின் ஹெட்டக் கழட்டிப் பாத்துடலாமாபா?" என்றார் பாய். கழற்றினால் வெள்ளிக்கிழமை போச்சு. மணிக்கு நானே மாலை போட்ட மாதிரி.

"ஹெட்டு போயிருந்தா ஆயிலு பால் ஊத்துன டீ மாதிரி இருக்கணும் பாய். இது கறுப்பா இருக்குது. தண்ணியில குமிழியும் இல்ல. அதுல கை வெக்காதீங்க."

"எல்லாம் தெரிஞ்சவன் என் கடையில இன்னாத்துக்குக் குந்திக்கினு கீற?"

"உங்க டீ நல்லா இருக்குது."

சிரித்துவிட்டார். நாளை ரேடியேட்டரைக் கழற்றுவதாக ஏற்பாடு.

வீட்டில் மனைவி குமாரி வண்டிக்குத் திருஷ்டி சுற்றினாள். எனக்கும் சேர்த்து. இந்தத் தொப்பை மேல் யார் கண் வைக்கப்போகிறார்கள்?

வியாழன்

மேகமூட்டம். ரேடியேட்டர் கழன்றது. பாய் மேலே குழாய்த் தண்ணீரை விட்டார். கீழே சொட்டுச் சொட்டாய்த்தான் வந்தது. பிறகு வழவழவென்று வெள்ளையாய் ஏதோ இறங்கியது. விரலில் தொட்டார், மோந்தார்.

"சேகரு, தொட்டுக்க ஊறுகா இருக்குதா?"

கஞ்சி. புளித்த அரிசிக் கஞ்சி! இறுகி உள்குழாய்களை அடைத்துக்கொண்டிருக்கிறது.

உடனே தீர்ப்பு சொன்னேன்: சதி, மணியின் வேலை. பட்டறை முழுக்கக் கேட்கும்படி. நாலு பேர் நம்பினார்கள். அதில் இரண்டு பேர் மணிக்குச் சொந்தம் என்று பிறகு தெரிந்தது.

மதியம் வீட்டு வாசலிலும் அதே பிரசங்கம். எதிர்வீட்டு சரோஜாக்கா தறியை விட்டு எழுந்து வந்தார்.

"தம்பி, ஞாயித்துக்கெழம பாவுக்குப் போடறதுக்கு ஒரு பக்கெட்டு கஞ்சித்தண்ணி கரைச்சித் தெருமுனையில வெச்சிருந்தேன். காணோம். கோபாலு வூட்டு மாடு குடிச்சிட்டுதுன்னு தொடப்பத்தால சாத்தினேன். உன் வண்டி அங்கதானே நின்னுச்சு?"

நின்றது. ஞாயிறு விடியலில் தெரு நெடுகப் பாவு, அதாவது தறியில் ஏற்றும் பட்டு நூலை, இழுத்துக் கட்டியிருந்தார்கள். கஞ்சி போட்டுக் காயவைத்து அதை எடுக்கும்வரை வண்டி உள்ளே வரக்கூடாது, எங்கள் தெரு வழக்கம். முனையில் நிறுத்தினேன். சும்மா இருக்காத கை ரேடியேட்டரைத் திறந்தது. தண்ணீர் குறைவு. பக்கத்திலேயே பக்கெட். கண்ணாடி போட்டால் வயசு தெரியும் என்று சட்டைப்பையில் வைத்திருப்பவன் நான். கொஞ்சம் வெள்ளையாய்த் தெரிந்தது. குழாய்த் தண்ணீர் சில நாள் அப்படித்தானே வரும்! ஊற்றினேன். திங்கள் முழுக்க வண்டி ஓய்வு. உள்ளே நிம்மதியாய் உறைந்திருக்கிறது.

"மணி செஞ்ச சதின்னு ஊரு பூரா சொல்லிக்கினு வந்தியே" என்றாள் குமாரி. "மாட்டுக்கு ஒரு சீப்பு வாழப்பழம் வாங்கிக் குடுத்துடலாம். மணிக்கு இன்னா குடுப்பே?"

"எது வேணா குடுக்கறேன். லோடு மட்டும் குடுக்க மாட்டேன்."

சாயங்காலம்வரை பாய் ரேடியேட்டர், இன்ஜின் எல்லாவற்றையும் சுடுதண்ணீர் விட்டு அலசினார். ரேடியேட்டர் குழாயை இறுக்கும், ஒழுகிக்கொண்டிருந்த ஹோஸ் கிளாம்பும் மாற்றியாச்சு. தண்ணீர் குறைந்தது அதனால்தான். "இனிமே வண்டிக்குக் கூலன்ட் ஊத்துபா. கஞ்சிய நீ குடி."

வெள்ளி

தூறல். மில்லுக்கு எனக்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. மில்காரர் கையைக் கட்டிக்கொண்டு வாசலில்.

"இன்னா சேகர், வண்டிக்குக் கஞ்சி ஊத்துனியாமே?"

லோடு போச்சு என்று நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

"எந்த அரிசி?"

"நம்ம மில்லு அரிசிதாங்க. சரோஜாக்கா வேற வாங்க மாட்டாங்க."

"அடைச்சிக்கிச்சா?"

"சிமெண்டு மாதிரி புடிச்சிக்கிச்சுங்க. பாய் எடுக்கறதுக்குள்ள பொழுதே சாஞ்சிடுச்சு."

மில்காரர் முகம் மலர்ந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களாபா? நம்ம அரிசி லாரியவே நிறுத்திடுச்சாம்! சேகரு, பெங்களூர்ல எறக்கும்போது இத மறக்காம சொல்லு. ஏத்துங்கபா மூட்டைய!"

வேலூர் தாண்டி நிறுத்தி எழுதுகிறேன். முழு லோடு. ஊசி பாதியில். அகோரப் பசி. சாப்பாடா பரோட்டாவா என்றார் கடைக்காரர். இன்றைக்கு அரிசி வேண்டாம் என்றேன்.